படகுக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

என் தம்பி விஜயகுமாருக்குப் பெண் பார்த்த காலத்தில் கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் எங்கள் குடும்பம் பஜ்ஜி சாப்பிடாத வீடே கிடையாது. ஒரு பெண் உயரம் கூடுதல் என்றான். ஒரு பெண் சிரிக்கவில்லை என்றான். போடியில் ஒரு நல்ல இடம் வந்தது. அந்த வீட்டு நாய் தன்னை முறைத்தது என்று சொல்லி வேண்டாம் என்றான். அதனால் 2007-ஆம் வருஷம் ஒரு படகைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு அவன் கைக்குப் போனபோது, இது லேசில் முடிகிற காரியமில்லை என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

நான் பிச்சையம்மாள், அவனுக்கு ஒரே அக்கா. கம்பத்தில் நானும் என் வீட்டுக்காரர் அய்யாத்துரையும் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறோம். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர் உண்டு. மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவளுக்கு வேறு எப்படி இருக்கும்? தம்பிக்குச் சுருளி போகிற ரோட்டில் திராட்சைத் தோட்டம். தோட்டத்திலேயே வீடு, வீட்டுக்குப் பின்னால் படி வைத்த பெரிய கிணறு, கிணற்று மேட்டில் மோட்டார் ரூம்.

படகு விவகாரத்தைத் தொடங்கி வைத்தவன் தமிழ்மாறன். தம்பியின் மனைவி கயலுக்கு உடன்பிறந்த தம்பி. மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவன் போனில் சொன்ன சேதி இதுதான்: அங்கே ஒரு வாரம் கடலிலேயே சுற்றுகிற படகுகள் இருக்கின்றன. அதிலேயே சாப்பாடு, அதிலேயே படுக்கை. விடிந்ததும் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்கி, மீனையும் பவளப்பாறையையும் பார்த்துவிட்டு ஏறி வரலாம். முன்பின் பழக்கமில்லாதவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து, கூடவே ஆள் இறங்குவார்கள். தை மாசத்தில் வந்தால் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். அக்காவும் மச்சானும் வரவேண்டும், இது தன்னுடைய சீர், மறுக்கக்கூடாது.

மூன்று படகுகளின் படங்களை ஈமெயிலில் அனுப்பியிருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற முஜிபுர் ரஹ்மான் அவற்றைக் கலரில் பிரிண்ட் எடுத்துத் தோட்டத்துக்கே கொண்டுவந்து கொடுத்தான். அவன் என் தம்பியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன்.

படங்களைப் பார்த்த நிமிஷத்தில் கயலின் முகம் மாறியதை நான் கவனித்தேன். அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கயல் சின்னமனூர்ப் பெண். அவள் அப்பா தோட்டத்துக் கிணற்றில் நீந்திக் குளித்து வளர்ந்தவள். பையன்கள் பயப்படுகிற உயரத்திலிருந்து நேராகத் தலைகீழாகப் பாய்வாளாம். வயசுக்கு வந்த அன்றைக்கு, இனிமேல் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதோடு சரி. எங்கள் வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியும், வீட்டுக்குப் பின்னாலேயே அத்தனை தண்ணீர் கிடந்தும், ஒரு நாள்கூட இறங்கவில்லை. மருமகள் கிணற்றில் குதித்தாள் என்றால் எங்கள் பக்கம் அதற்கு அர்த்தமே வேறு.

ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"மதினி, தண்ணிக்கு அடியில போயி கண்ணத் தொறந்து பாத்திருக்கீகளா?"

"எனக்கு மேல இருக்குறதப் பாக்கவே நேரமில்ல தாயி."

"பச்சையா இருக்கும் மதினி. வெளிச்சம் மேல இருந்து கம்பி கம்பியா எறங்கும். ஒரு சத்தமும் இருக்காது. ஒருத்தரும் நம்மள கூப்பிட முடியாது."

கடைசியில் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. நாள் முழுக்க அவளைக் கூப்பிடுகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்தத் தண்ணீரை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. வேறு நகையோ புடவையோ அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. தமிழ்மாறனுக்கும் அது தெரிந்துதான் இந்தச் சீரை எடுத்திருக்கிறான்.

இப்போது படகு பார்க்கும் படலம். தம்பி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் படத்தைக் கையில் எடுத்தான். எட்டப் பிடித்தான், கிட்டப் பிடித்தான்.

"மூணு மாடியா இருக்கே. காத்தடிச்சா சாஞ்சிராது?"

"கப்பல் கட்டுறவனுக்கு அது தெரியாதாக்கும்?" என்றேன் நான்.

"யக்கா, நீ பேசாம இரு. ஏலே முஜிபு, இந்தப் படகுக்கு ஓனரு யாரு? என்ன ஆளுக? விசாரிச்சியா?"

"நான் பிரிண்டுதாண்டா எடுத்தேன். சம்பந்தமா பேசிட்டு வந்தேன்?" என்றான் முஜிபுர்.

இரண்டாவது படகு அழகாக இருந்தது. வெள்ளை நிறம், இரண்டே தளம், முன்பக்கம் சாய்ந்து உட்கார இடம். கயலுக்கு அதுதான் பிடித்துவிட்டது என்று அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததிலேயே தெரிந்தது. தம்பிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் அதில் அதிக நேரம் குற்றம் தேடினான். படத்துக்குக் கீழே இருந்த சாப்பாட்டு விவரத்தை முஜிபுரை விட்டு வாசிக்கச் சொன்னான்.

"காலையில மீனு, மத்தியானம் மீனு, ராத்திரி மீனு. பெறகு பழம்" என்றான் முஜிபுர்.

"பாத்தியா? மூணு வேளையும் மீனு. ஒரு சாம்பாரு கெடயாது, ரசம் கெடயாது. ஒரு வாரம் மனுசன் எப்படித் தாங்குவான்?"

ஞாயிற்றுக்கிழமை வைகை அணை ஜிலேபி மீனை ஒரு கூடை தின்றுவிட்டுத் தூங்குகிறவன் பேசுகிற பேச்சு இது. மூன்றாவது படகு சின்னது. "இதுல கக்கூஸ் எங்கன இருக்கு?" என்று கேட்டு அதையும் கீழே வைத்தான்.

"அப்ப எதுதான் தேறும்?" என்றாள் கயல்.

"அவசரப்பட்டா எப்படி? இன்னும் நாலு படகு அனுப்பச் சொல்லு."

தமிழ்மாறன் நாலு படகு அனுப்பினான். ஒன்றுக்கு நிறம் சரியில்லை. ஒன்றில் ஓட்டுகிறவன் படத்தில் மீசை இல்லாமல் இருந்தான், அவனை நம்பி எப்படிக் கடலில் போவது? ஒன்று எல்லாப் பொருத்தமும் இருந்தும், அது புறப்படுகிற கிழமை செவ்வாய். கடைசிப் படகில் குறை எதுவும் அகப்படாமல், தை மாசம் தோட்டத்தில் கொடி வெட்டுகிற கவாத்து வேலை இருக்கிறது என்று ஆரம்பித்தான். கவாத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் என் வீட்டுக்காரர். அவர் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். அவரே வாயைத் திறந்துவிட்டதால் தம்பிக்கு அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை.

இத்தனை வேண்டாமுக்கும் பின்னால் இருந்த காரணம் எனக்குத் தெரியும். அவனுக்கு நீச்சல் தெரியாது.

இதைக் கம்பத்தில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். மோட்டார் ரூம் மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு, கீழே பார்த்து உத்தரவு போடுவான். "காலைச் சேத்து வை. தலையத் தண்ணிக்குள்ள விடு. பயந்தீன்னா முங்குவ, பயப்படலன்னா மெதப்ப." முஜிபுர்கூட அப்படித்தான் படித்தான். தம்பி மட்டும் இறங்க மாட்டான். காதில் சீழ் என்பான், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பான், ஜலதோஷம் என்பான். ஏழு வயசில் பாசி வழுக்கிக் கிணற்றில் விழுந்து, அப்பா முடியைப் பிடித்துத் தூக்கினார். அன்றிலிருந்து படிக்குக் கீழே கால் வைத்ததில்லை. அது எங்கள் வீட்டு நாலு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இப்போது மிஞ்சியிருப்பது அவனும் நானும்தான்.

தெரியாததைத் தெரியாது என்று விட்டிருந்தால் பரவாயில்லை. கல்யாணமான புதிதில் மச்சினனிடம் அளந்துவிட்டிருக்கிறான். மோட்டார் குழாயின் அடிமுனையில் இருக்கிற ஃபுட் வால்வு அடைத்துக்கொண்டபோது, தான் ஒரே மூச்சில் கிணற்றின் அடி வரை போய்க் கழற்றி வந்ததாக. உண்மையில் போனவன் முஜிபுர். தம்பி மேலே நின்று கயிற்றைப் பிடித்திருந்தான்.

கார்த்திகை மாசத்தில் தமிழ்மாறன் மறுபடி கூப்பிட்டான். கயல் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள். நானும் இருந்தேன்.

"மச்சான், இன்னும் எத்தனை படகுதான் பாப்பீக? இந்த வாரத்துக்குள்ள சொல்லலேன்னா எல்லாம் ஆளு ஏறிரும்."

"பாத்துக்கிட்டே இருக்கோம் மாப்ள. நல்லதா அமையணும்ல?"

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எந்தப் படகுன்னாலும் மொத நாளு எல்லாரையும் படகைச் சுத்தி நீந்தச் சொல்லுவாக. நீந்துனாத்தான் சிலிண்டர் குடுப்பாக. உங்களுக்கென்ன, ஃபுட் வால்வு எடுத்த ஆளு! நான் இங்கன எங்க வாத்தியாருக எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். நாலஞ்சு பேரு உங்களப் பாக்கவே கூட வர்றாக."

தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெயிலில் கிள்ளிப் போட்ட திராட்சை இலை மாதிரி ஆகிவிட்டது. எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அவர்கள் மாட்டை விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அதன்பிறகு கயல் படகைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். ஏழு படங்களையும் அடுக்கி அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டாள். கோபம் இல்லை, அழுகை இல்லை, வழக்கம்போலச் சமைத்தாள், மகள் அனுஷ்காவுக்குத் தலை பின்னினாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு மனுஷிக்குப் பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு ஆசை, அதையும் டிரம்முக்கு அடியில் வைக்கிறாள் என்றால் எனக்குப் பொறுக்குமா?

மறுநாள் காலையில் போய் நின்றேன்.

"ஏலே விசயா, நீ படகு பாத்துக் கிழிச்சது போதும். வெள்ளிக்கிழமை வீரபாண்டிக்குப் போவோம். அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா போறது, செவப்பு வந்தா இந்தப் பேச்சே வேணாம்."

எங்கள் குடும்பத்தில் முடிவு வராத காரியங்களுக்கெல்லாம் இதுதான் வழி. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெளியே தெரியாமல் ஒரே மாதிரி வாழை இலையில் கட்டி, கௌமாரியம்மன் காலடியில் வைத்து, குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வோம். எது வருகிறதோ அது அம்மன் வாக்கு. பிறகு யாரும் மறுபேச்சுப் பேச முடியாது.

தம்பி இழுப்பான் என்று நினைத்தேன். உடனே சரி என்றான். அதோடு, "பொட்டலத்த நானே கட்டுறேன்" என்றும் சொன்னான். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

சந்தேகத்துக்கு முகாந்திரம் இருந்தது. அவன் கல்யாணத்துக்கே வருவோம். அத்தனை பெண்களை வேண்டாம் என்றவன், சின்னமனூரில் கயலைப் பார்த்துவிட்டு வந்து சோறு இறங்காமல் கிடந்தான். அப்பாவுக்கு அந்த இடத்தில் அவ்வளவு திருப்தியில்லை. பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றார். அன்றைக்கும் இவன்தான், "பொட்டலத்த நான் கட்டுறேன்" என்றான். இரண்டிலும் வெள்ளை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், இலை கிழியாமல் கட்டிக் கொடுத்தவளே நான்தான். ஆசைக்கு இரண்டும் வெள்ளை வைத்தவன், பயத்துக்கு இரண்டும் சிவப்பு வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வெள்ளிக்கிழமை முஜிபுரின் மாருதி வேனை வாங்கிக்கொண்டு நாங்கள் நாலு பேரும் வீரபாண்டிக்குப் போனோம். தம்பி, கயல், அனுஷ்கா, நான். என் வீட்டுக்காரர் கடையைப் பார்த்துக்கொண்டார். கோயில் வாசலில் தம்பி பூக்கடைக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நின்று, வெகு நேரம் கட்டினான். இரண்டு பொட்டலத்தையும் தேங்காய் பழத் தட்டில் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, ஆற்றில் கால் கழுவி வருகிறேன் என்று போனான். முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. அதற்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரமாக நின்றான்.

அந்த இடைவெளி எனக்குப் போதும். பூக்காரம்மாவிடம் வெள்ளை அரளி வாங்கி, இலையில் இரண்டு பொட்டலம் நாரால் கட்டித் தட்டில் வைத்தேன். அவன் கட்டிய இரண்டையும் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அம்மா தாயே, இவன் முந்திக்கொண்டான், நான் சரிக்கட்டுகிறேன், குறையாக எடுத்துக்கொள்ளாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தட்டைக் கயலிடம் கொடுத்துவிட்டு, செருப்பை விட்டு வரப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. கயல் தட்டை முந்தானையால் மூடிப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முறை வந்ததும் பூசாரி பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். சூடம் காட்டினார். "பாப்பா, ஒண்ண எடு" என்றார். அனுஷ்கா யோசித்து, இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு ஒரு கவலையும் இல்லை. எதை எடுத்தாலும் வெள்ளை.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

என் கையால் கட்டியது. இரண்டும் வெள்ளை. அம்மன் நிறத்தையே மாற்றிவிட்டாளோ என்று உடம்பு புல்லரித்துக் கும்பிடப் போனவள், பூசாரி கையிலிருந்த இலையைப் பார்த்தேன். நான் நாரால் கட்டினேன். இதில் இருந்தது மஞ்சள் நூல். அப்படியென்றால் என்னையும் தாண்டி இந்தப் பயல் மறுபடி மாற்றியிருக்கிறான்! திரும்பித் தம்பியை முறைத்தேன். அவனோ எனக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"இருக்காது" என்றான்.

"என்னப்பா இருக்காது?" என்றார் பூசாரி.

"செவப்பு இருக்காது சாமி. நான் ரெண்டும் வெள்ளதான வச்சேன்!"

அவன் கத்திய கத்தலில் பக்கத்தில் அங்கப்பிரதட்சணம் செய்துகொண்டிருந்த ஆள்கூட நின்று பார்த்தார். பூசாரி சிவப்புப் பூவைத் தட்டில் போட்டுவிட்டு அவனையே பார்த்தார்.

"ரெண்டும் வெள்ளையா வச்சியா? அப்ப அம்மன்கிட்ட என்னத்தக் கேக்க வந்த?"

நான் அவசரமாகக் கைப்பையைத் திறந்து, அவன் கட்டிய பொட்டலங்களைப் பிரித்தேன். வெள்ளை. இரண்டும் வெள்ளை. என் தம்பி போகத்தான் விரும்பியிருக்கிறான். நான்தான் அவனைத் தப்பாக எடை போட்டு, வெள்ளையை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்திருக்கிறேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகும் அவன் கயலுக்காக அதே திருட்டைத்தான் செய்திருக்கிறான். ஆனால் அழுவதற்கு அங்கே நேரம் இல்லை.

"யக்கா, என் பொட்டலம் உன் பையில எப்படி வந்துச்சு?"

"அத விடு. நானும் ரெண்டு வெள்ளதாண்டா வச்சேன். அப்ப செவப்ப வச்சது யாரு?"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கயலைப் பார்த்தோம். அவள் காலிக் கையோடு தலை குனிந்து நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நான் நாரால் கட்டிய இரண்டு பொட்டலமும் அதற்குள் இருந்தன.

"வீட்டுலயே கட்டிக் கொண்டாந்தேன் மதினி. ரெண்டும் செவப்பு."

"ஏன் ஆத்தா? உனக்காகத்தான இம்புட்டும்!"

அவள் என்னிடம் பேசவில்லை. அவனைப் பார்த்துத்தான் சொன்னாள், அடக்கமான குரலில். "உங்களுக்கு நீச்சல் தெரியாதுல்ல. என் தம்பி முன்னாடி, அந்த வாத்தியாருக முன்னாடி நீங்க தலை குனிஞ்சு நிக்க வேணாம்னுதான்."

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றான் தம்பி.

"கல்யாணமாகி மொத வாரமே. அம்புட்டுத் தண்ணி கெடக்குற கெணத்துல மேல்படியில உக்காந்து, சொம்புல மோந்து குளிச்சீகளே."

"அப்பறம் ஏன் இத்தனை வருசம் கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."

அவன் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே சொன்னான். "எனக்கு வாயில வரல கயலு. போவோம்னு என் வாயால சொல்லப் பயமா இருந்துச்சு. வேணாம்னு சொல்ல ஒம்மொகம் விடல. அம்மன் சொல்லிட்டான்னா போய்த்தான ஆகணும்னு வச்சேன்."

கோயிலில் சிரிக்கக்கூடாது என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அனுஷ்கா, "நான் தப்பா எடுத்துட்டேனாம்மா?" என்று கேட்டு அழத் தயாரானாள். பூசாரி தட்டில் கிடந்த அத்தனை இலையையும் பூவையும் ஒதுக்கி, எங்கள் நெற்றியில் விபூதியை அப்பினார்.

"மூணு பேரும் வீட்டுல உக்காந்து பேசி முடிங்க. அம்மனுக்கு வேற சோலி இருக்கு. நகருங்க, பின்னாடி ஆளு நிக்கிது."

வேனில் ஏறித் திரும்பினோம். உத்தமபாளையம் தாண்டியதும் கயல் மெதுவாகக் கேட்டாள். "மதினி, எங்க கல்யாணத்துக்கும் பூக்கட்டிப் பாத்தாகளாமே?"

தம்பி வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். ரோட்டில் எதுவும் குறுக்கே வராமலே ஹாரன் அடித்தான்.

"பாத்தாக" என்றேன்.

"அது?"

"வெள்ளதான் ஆத்தா வந்துச்சு. வேற வர வழியில்ல."

கயல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கம்பம் வந்து சேர்கிற வரைக்கும் சிரித்தாள். தம்பி கழுத்து வரைக்கும் சிவந்துபோய் வண்டி ஓட்டினான்.

அடுத்த நாள் காலையில் என்னைத் தோட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். போனால் கிணற்று மேட்டில் கூட்டமே நின்றது. முஜிபுர், அனுஷ்கா, திராட்சை பறிக்க வந்த பொம்பளைகள் சிலர். தம்பி ட்ரவுசரோடு கிணற்றுப் படியில், மோட்டார் குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நின்றான். முதுகில் மருந்தடிக்கிற காலிக் கேனைக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். சின்னப் பையன்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும்போது கட்டுவார்களே, அதே கேன். கடலுக்கு அடியில் சிலிண்டர் கட்டப் போகிறவனுக்கு அது ஒத்திகையாகவும் ஆயிற்று என்றான் முஜிபுர்.

"எறங்குடா விஜயா! காலைச் சேத்து வை! பயப்படலன்னா மெதப்ப!" என்று மேலேயிருந்து கத்தினான். இத்தனை வருஷக் கடனை வட்டியோடு தீர்க்கிற சந்தோஷம் அவன் குரலில் தெரிந்தது.

"சும்மா இர்ரா. எனக்குத் தெரியும்" என்றான் தம்பி. குழாயை விடவில்லை.

கயலை முதலில் நான் காணவில்லை. பிறகு எல்லாரும் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்து நானும் பார்த்தேன். மோட்டார் ரூம் மொட்டை மாடியில், தம்பி வழக்கமாக உட்கார்ந்து உத்தரவு போடுகிற இடத்தில், பழைய சுடிதாரோடு கயல் நின்றாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். திராட்சை பறிக்க வந்த பொம்பளை ஒருத்தி, "ஆத்தாடி, என்ன இது!" என்று என் கையைப் பிடித்தாள். "ஒண்ணுமில்ல, குளிக்கப் போறா" என்றேன்.

கயல் யாரையும் பார்க்கவில்லை. கீழே தண்ணீரை மட்டும் பார்த்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் சேர்த்தாள். பாய்ந்தாள். பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. தண்ணீர் திறந்து அவளை வாங்கிக்கொண்டு மூடிக்கொண்டது. அனுஷ்கா கைதட்டினாள்.

நாங்கள் அவள் தலை வெளியே வருவதற்காகக் காத்திருந்தோம். வரவில்லை. வட்டம் வட்டமாக விரிந்த அலை கிணற்றுச் சுவரில் முட்டி அடங்கியது. அப்போதும் வரவில்லை. எனக்கு அவள் சொன்னது ஞாபகம் வந்தது, அங்கே ஒருத்தரும் கூப்பிட முடியாது என்று. கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்தும் கிணற்று விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

"கயலு" என்றான் தம்பி. "ஏய் கயலு!"

தண்ணீர் அசையவில்லை. முஜிபுர் சட்டையைக் கழற்றப் போனான். அதற்குள் என் தம்பி குழாயை விட்டுவிட்டான்.

காலைச் சேர்த்து வைக்கவில்லை, தலையை உள்ளே விடவில்லை, ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. நாலு காலையும் பரப்பிக்கொண்டு தொப்பென்று விழுந்தான். முங்கினான். கேன் அவனை மேலே தூக்கியது. கையையும் காலையும் உதறி, தண்ணீரைக் குடித்து, மறுபடி அவள் பேரைச் சொல்லப் போய் மறுபடி குடித்தான். கரைக்குத் திரும்பவில்லை. கிணற்றின் நடுவுக்கே போனான், அவள் விழுந்த இடத்துக்கு.

அங்கே அவனுக்குப் பக்கத்தில் கயலின் தலை வந்தது. முகத்தை வழித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"கீழ இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். மொத மீனே நல்லாப் பெருசா வந்து விழுந்திருக்கு."

அவன் அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பல் கிடுகிடுத்தது. வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "அந்த ரெண்டாவது படகையே சொல்லிரு உன் தம்பிகிட்ட" என்றான்.

"அதுல மூணு வேளையும் மீனுன்னு சொன்னீகளே?"

"தின்னுக்கிறேன். நீ கைய மட்டும் விட்றாத."